சாமி அட்டைக்குள் காதல் கதை!



பொங்கல் வந்தால் எங்கள் தெருவில் கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், எலுமிச்சம்பழமும் ஸ்பூனும் என்று வருஷா வருஷம் ஒரே கதைதான். பரிசும் ஒரே ஆட்களுக்குத்தான் போகும். கோலத்துக்கு மூன்றாவது வீட்டு அக்கா, மியூசிக்கல் சேருக்கு ஒல்லியாக இருக்கும் யாராவது! கும்பகோணத்தில் இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து பதிமூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சோப்பு டப்பா.

2025 பொங்கலுக்கு மாடி வீட்டு டீச்சர் ஒரு புது யோசனை சொன்னார். "எல்லாரும் காதல் நாவல் படிச்சு வளர்ந்தவங்கதானே? ஆளுக்கொரு நாவலுக்கு அட்டைப்படம் செஞ்சு கொண்டு வாங்க. கதை வேண்டாம், அட்டை மட்டும் போதும்!"

முதலில் எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் கை பரபரத்துவிட்டது.

டீச்சர் போட்ட விதிமுறைகளை இங்கே தருகிறேன். உங்கள் தெருவிலும் வைக்க உதவும். அட்டையின் அளவு, ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் அளவு. கடையில் வாங்கும் பொருள் முப்பது ரூபாயைத் தாண்டக்கூடாது. மீதி எல்லாம் வீட்டில் இருப்பதாக இருக்க வேண்டும். போனிலிருந்து படம் எடுத்து ஒட்டக்கூடாது. நாவலுக்குத் தலைப்பும், எழுதியவருக்கு ஒரு புனைபெயரும் நாமே வைக்க வேண்டும். பின் அட்டையில் நான்கே வரியில் கதைச் சுருக்கம். முடிவைச் சொல்லிவிட்டால் மார்க் குறையும்!

எனக்கு வரையத் தெரியாது. ஆனால் அட்டைப்படம் என்றால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாத நாவல்களைப் பார்த்துத்தான் எனக்குத் தேதியே தெரியும். ரமணிசந்திரன் புத்தகம் வந்தால் என் அக்காவுக்கும் எனக்கும் யார் முதலில் படிப்பது என்று சண்டை வரும். அட்டையில் ஒரு பெண்ணின் முகம் பெரிதாக இருக்கும். அவள் தோளுக்குப் பின்னால் சின்னதாக அவன். ஒரு ரோஜா, இல்லையென்றால் ஒரு நிலா. மேலே எழுத்தாளர் பெயர், கோணலாகச் சாய்த்து எழுதிய தலைப்பு, மூலையில் விலை. ஒன்றின் மேல் ஒன்று தொங்கும்போது மேல் பாதிதான் கண்ணில் படும் என்பதால் பெயரும் முகமும் எப்போதும் மேலே இருக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சரி, ஜரிகையும் பழைய பத்திரிகைகளும் கிடைத்தால் வெட்டி ஒட்டி ஒப்பேற்றிவிடலாம் என்று பரணில் ஏறினேன். கொலுப் பெட்டியை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு மஞ்சப்பை. தூசியைத் தட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். திறந்து பார்த்த பிறகுதான் நினைவு வந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் நான் 2012-க்குப் போக வேண்டும்.

176 ரூபாய்

2012 மே மாதம் வாடகை வீட்டைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்தோம். மாமா 2008-லேயே தவறிவிட்டார். அத்தை அப்போது நாத்தனார் பிரசவத்துக்காக மாயவரம் போயிருந்தார். என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய்விட, சாமான் கட்டும் வேலை முழுக்க என் தலையில். பரணில் ஒரு கோணிப்பை இருந்தது. உள்ளே கனமாகப் பைண்டு செய்த ஒன்பது புத்தகங்கள். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புரட்டிப் பார்த்தால் ஏதோ பத்திரிகைத் தாள்கள். மேலே மட்டும் சாமி படம் போட்ட அட்டை, அதில் சந்தனமும் குங்குமமும் வைத்த தடம் வேறு.

பழைய பேப்பர்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. சாமி படத்தை எடைக்குப் போடக்கூடாதே என்று ஒன்பது அட்டைகளையும் கிழித்து எடுத்துவிட்டு, மீதியைச் செய்தித்தாளோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். மொத்தம் 22 கிலோ. கிலோ 8 ரூபாய். 176 ரூபாய் கிடைத்தது. அதில் ஒரு நீல பக்கெட் வாங்கினேன். அது இன்றைக்கும் எங்கள் பாத்ரூமில் இருக்கிறது.

கிழித்த சாமி படங்களைக் காவிரியில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மே மாதம் காவிரியில் ஏது தண்ணீர்? ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்கள், தண்ணீர் வந்ததும் விடலாம் என்று மஞ்சப்பையில் போட்டுப் பெட்டிகளோடு கட்டினேன். அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பரில்தான் திறந்தார்கள். அதற்குள் பை பரணில் ஏறி, கொலுப் பெட்டிக்குப் பின்னால் போய், என் நினைவிலிருந்தும் போய்விட்டது.

அத்தை மாயவரத்திலிருந்து வந்ததும் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பரணையும் அண்ணாந்து பார்த்தார். "கோணிப்பை ஒண்ணு இருந்துச்சே?" என்றார். "பூச்சி அரிச்சுப் போச்சு அத்தை, எடைக்குப் போட்டுட்டேன்" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான். பதிமூன்று வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு நாள் வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் இருந்தார். பிரயாணக் களைப்பு என்று நினைத்து ரசம் வைத்துக் கொடுத்தேன்.

"இது எங்கே இருந்துச்சு?"

நான் மஞ்சப்பையைக் கொட்டியபோது அத்தை கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு 78 வயது. 2019-இல் கண் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரியும். கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு அட்டையை எடுத்தார். முந்தானையால் துடைத்தார்.

"இது எங்கே இருந்துச்சும்மா?"

சொன்னேன். சாமி படம் என்பதால் கிழித்து வைத்ததையும், காவிரியில் தண்ணீர் வராததையும், மறந்ததையும். அத்தை ஒன்றும் பேசாமல் ஒன்பதையும் தரையில் வரிசையாகப் பரப்பினார். வள்ளி, ஆண்டாள், ராதாகிருஷ்ணர், மிதிலையில் மாடத்தில் நிற்கும் சீதை, அசோகவனத்தில் சீதை, தவம் செய்யும் பார்வதி, சாவித்திரி, மீனாட்சி கல்யாணம், தாமரைக் குளத்தில் லட்சுமி.

"இதெல்லாம் காலண்டர் படமா அத்தை?" என்றேன்.

"காலண்டரோட பின்பக்கம். படம் நான் வரைஞ்சது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தெட்டு வருஷம். அத்தை கோலம் போட்டுப் பார்த்திருக்கிறேன். படம் வரைவார் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது!

அன்று மதியம் அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

1966-இல் கல்யாணமாகி சுவாமிமலை பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தாராம். எட்டாவது வரை படித்தவர். கதை என்றால் உயிர். ஆனால் மாமாவுக்குப் பொம்பளைங்க கதைப் புத்தகம் படித்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று ஒரு எண்ணம். மற்றபடி தங்கமான மனுஷர், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. கதைப் புத்தகத்தைப் பார்த்தால் மட்டும் அடுப்பில் போட்டுவிடுவார். அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் இது நடந்ததுதான்.

அந்தத் தெருவில் நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஆளுக்கொரு வாரப் பத்திரிகை வாங்கி மாற்றிப் படிப்பார்களாம். கடைசியாகத் தன் வீட்டுக்கு வரும்படி அத்தை பார்த்துக்கொள்வார். தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கிழித்து அரிசிக் குதிருக்கு அடியில் வைப்பார். லட்சுமி, அநுத்தமா, பிறகு சிவசங்கரி. ஒரு கதை முடிய முப்பது வாரமும் ஆகும், ஐம்பது வாரமும் ஆகும். நடுவில் ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போனால், அக்கம்பக்கத்தில் தேடி இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தை நோட்டுத் தாளில் கையால் எழுதி நடுவில் சேர்த்துவிடுவார்.

முடிந்ததும் கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, சணல் நூலால் தைப்பார். மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் கலப்பார். ஜவுளிக்கடை அட்டைப் பெட்டியை வெட்டி மேலே ஒட்டுவார். அதற்கு மேல்தான் காலண்டர் தாள். காலண்டரின் முன்பக்கம் வழவழவென்று இருப்பதால் சாயம் ஒட்டாது, பின்பக்கம் நன்றாகப் பிடிக்கும் என்றார். பிள்ளையின் பள்ளிக்கூடக் கலர் பெட்டியில் தேய்ந்துபோன வில்லைகள்தான் சாயம்.

"சாமி படம் எதுக்கு அத்தை?"

"பின்னே? அட்டையில ஒரு பொண்ணையும் பையனையும் வரைஞ்சா உங்க மாமா விடுவாரா? வள்ளியும் முருகனும்னா கும்பிட்டுட்டுப் போவாரு. காதல் கதைக்கு வள்ளியை விட நல்ல அட்டை ஏது?"

ஒவ்வொரு கதைக்கும் பொருத்தமாகத்தான் வரைந்திருக்கிறார்! பெற்றோர் எதிர்த்தும் காத்திருந்து கைப்பிடித்தவள் கதைக்குப் பார்வதியின் தவம். புருஷன் சந்தேகப்பட்ட கதைக்கு அசோகவனம். நோயாளிக் கணவனை மீட்டவள் கதைக்குச் சாவித்திரி. கடைசி வரை கல்யாணமே வேண்டாம், நினைத்தவனே போதும் என்று இருந்துவிட்டவள் கதைக்கு ஆண்டாள்.

இன்னொன்றும் சொன்னார். சரஸ்வதி பூஜை அன்று மாமாவே அந்த ஒன்பது புத்தகங்களையும் எடுத்துப் பலகையில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவாராம்! அத்தை பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வாராம்.

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும்தான் மனசில் சுருக்கென்று குத்தியது. நான் எடைக்குப் போட்டது பத்திரிகைத் தாளை அல்ல. இருபது வருஷம் குதிருக்கு அடியில் ஒளித்து வைத்து, கையால் எழுதிச் சேர்த்து, தைத்து வைத்ததை. கிலோ எட்டு ரூபாய்க்கு.

"அத்தை, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என்னைத் திட்டியிருக்கலாமே."

"போனது போச்சு. அன்னிக்குப் புது வீடு வந்து பால் காய்ச்சியிருக்கோம். அழுதுகிட்டு நிக்கச் சொல்றியா? ரெண்டு நாள் சோறு இறங்கலை, அவ்வளவுதான். நீ ரசம் வெச்சுக் குடுத்தே. ரசத்துல உப்பு இல்லை."

அப்படியென்றால் அது பிரயாணக் களைப்பு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"எந்திரி. நீ சாமி படம்னு மரியாதையா எடுத்து வெச்சியே, அதனாலதான் இதாச்சும் மிஞ்சுச்சு. உங்க மாமாவை ஏமாத்தறதுக்குப் போட்ட அட்டை, உன்னையும் ஏமாத்திருச்சு பாரு."

எங்கள் அட்டை

அத்தையிடம் போட்டியைப் பற்றிச் சொன்னேன். கதை இல்லாமல் அட்டை மட்டும் செய்ய வேண்டும் என்றதும், தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வீட்டுலதான் ஒன்பது இருக்கே" என்றார்.

ஆனாலும் புதிதாக ஒன்று செய்வோம் என்று முடிவு செய்தோம். அத்தைக்குக் கை நடுங்கும். அவர் பென்சிலால் முகம் வரைய, நான் சாயம் பூசுவதாக ஒப்பந்தம். ஓவியர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு அசந்துபோனேன். கையெழுத்தை மூடிவிட்டாலும் இது கோபுலு, இது லதா, இது ஜெயராஜ் என்று கோட்டைப் பார்த்தே சொல்வாராம். "மாருதி வரைஞ்ச பொண்ணுங்கன்னா நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கும். கன்னத்துல ஒரு உருண்டை, கண்ணுல ஒரு பளபளப்பு" என்றார். புதுக்கோட்டைக்காரரான மாருதி 2023-இல் மறைந்துவிட்டார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எழுத்தாளர் அனுராதா ரமணன் கதை எழுத வருவதற்கு முன் ஓவியர்தான் என்பதும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தலைப்பு என்ன வைப்பது? நான் "நிலவே நீயும் நானும்" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அத்தை உதட்டைப் பிதுக்கினார். "காவிரியில தண்ணி வரட்டும்னு வெச்சேன்னு சொன்னியே, அதுவே நல்லா இருக்கே" என்றார். அப்படித்தான் 'காவிரி வரும் வரை' என்ற நாவல் பிறந்தது!

அத்தையிடம் கற்றதையும், என் கை சுட்டுக் கற்றதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

* தலைப்புக்கு இடத்தை முதலில் ஒதுக்குங்கள். அட்டையில் மூன்றில் ஒரு பங்கு எழுத்துக்கே வேண்டும். நான் முதலில் படத்தை முழுக்க வரைந்துவிட்டு 'வரை' என்பதை அவள் காதுக்குள் திணிக்க வேண்டியதாகி, அந்தத் தாள் வீணானது.

* தலைப்பு சின்னதாக இருக்கட்டும். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் இரண்டு மூன்று எழுத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

* மஞ்சளைக் குழைத்துப் பூசினால் மஞ்சள் நிறம். அதிலேயே துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், மஞ்சள் வெளுத்துவிடும்.

* காபி டிகாஷன் மண்ணுக்கும் மரத்துக்கும் அருமையாக இருக்கும். வானத்துக்கும் தண்ணீருக்கும் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு சொட்டு.

* செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் வரும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தால் அந்த இடம் ரோஸ் ஆகிவிடும். கன்னத்துக்கும் உதட்டுக்கும் அதைத்தான் வைத்தோம்.

* பீட்ரூட் சாறை நம்பாதீர்கள். முதல் நாள் பளபளப்பாக இருந்தது, மூன்றாம் நாள் பழுப்பாகிவிட்டது.

* கண்ணுக்கும் கூந்தலுக்கும் கண்மை. புடவைக் கரைக்குக் கிழிந்த பட்டுப் புடவையின் ஜரிகை. ரோஜாவுக்கு ஸ்டிக்கர் பொட்டு.

எங்கள் அட்டையில் வறண்ட ஆற்று மணலில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் மஞ்சப்பை. அடிவானத்தில் ஒரு நீலக் கோடு, அது தண்ணீரா வானமா என்று தெரியாது. அவன் எங்கே என்று கேட்டேன். "தண்ணி வரட்டும், வருவான்" என்றார் அத்தை. நாவலாசிரியர் பெயர் 'அரிசிக்குதிர்'!

காணும் பொங்கல் அன்று

மொத்தம் 23 அட்டைகள் வந்தன. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. டீச்சரின் நாவல் 'மூன்றாவது விசில்'. குக்கர் ஆவிக்கு நடுவே ஒரு நாயகன் மங்கலாகத் தெரிவான். ஆவி முழுக்கப் பஞ்சு. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா 'அசல் நீ, வட்டி நான்' என்று எழுதி, பாஸ்புக் அட்டையிலேயே இதயம் வெட்டியிருந்தார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி 'ரேஷன் வரிசையில் ஒரு ரோஜா' கொண்டுவந்தாள். பின் அட்டையில் "பாமாயில் தீர்ந்துவிட்டது. ஆனால் அவன் பார்வை...?" என்று எழுதியிருந்தாள். எதிர் வீட்டுப் பெரியம்மா தன் கல்யாணப் பத்திரிகையையே ஒட்டி 'இந்த மனுஷனோடு நாற்பது வருஷம்' என்று தலைப்பு வைத்துவிட்டார். அது காதல் நாவலா, திகில் நாவலா என்று நடுவருக்கே சந்தேகம்!

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்தான் நடுவர். முதல் பரிசு டீச்சரின் குக்கருக்கு. எங்களுக்கு மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

நான் அத்தையைக் கேட்டுக்கொண்டு அந்தப் பழைய ஒன்பது அட்டைகளையும் ஒரு மேஜையில் வைத்திருந்தேன். "இவை 1966-க்குப் பிறகு வீட்டில் தைத்த நாவல்களின் அட்டைகள். நாவல்கள் என் தவறால் போய்விட்டன" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். எழுதும்போது கூச்சமாக இருந்தது. ஆனால் எழுதாமல் இருந்தால் அது இன்னொரு பொய் அட்டை ஆகிவிடும் என்று தோன்றியது.

பரிசு கொடுத்து முடிந்தும் கூட்டம் கலையவில்லை. அந்த மேஜையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். வயதான பெண்கள் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருவர் அம்மா ஆட்டுரலுக்குப் பின்னால் புத்தகம் வைத்திருந்தாராம். இன்னொருவர் வாடகை நூல் நிலையத்தில் எடுத்த நாவலைக் காய்கறிக் கூடையில் வெண்டைக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டு வருவாராம். தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், ஆண்டாள் அட்டையைக் காட்டி, "பாட்டி, இந்தக் கதையில கடைசியில அவன் வந்தானா?" என்று கேட்டாள். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இவர் வந்து "அம்மா, பனி விழுது" என்று கூப்பிட்டபோது, "இரு, இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கு" என்றார். தொடர்கதையின் கணக்கு!

இப்போது தினம் மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் கதை நேரம். அத்தை ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்வார், நான் இருநூறு பக்க நோட்டில் எழுதுகிறேன். எழுதியவர்களின் வரிகள் எங்களுக்கு வராது. ஐம்பது வருஷமாக அத்தையின் மனசில் தங்கிய கதைதான் வருகிறது. சில இடத்தில் அத்தை தன் இஷ்டத்துக்கு முடிவை மாற்றிவிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். அசோகவனக் கதையில் அந்தப் பெண் புருஷனை மன்னிக்கவே இல்லை என்கிறார். "கதையில அப்படித்தானா அத்தை?" என்று கேட்டால், "அப்படித்தான் இருந்திருக்கணும்" என்கிறார்.

ஆறு கதை முடிந்துவிட்டது. ஒவ்வொன்றையும் மைதா பசையும் மயில்துத்தமும் போட்டுத் தைத்து, அதனதன் பழைய அட்டையையே ஒட்டியிருக்கிறேன். தாமரைக் குளத்து லட்சுமி அட்டைக்கு உள்ளே என்ன கதை இருந்தது என்பது மட்டும் அத்தைக்கு நினைவில்லை. படித்து முடித்த அன்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறதாம், எதற்கு என்று தெரியவில்லையாம். அந்த அட்டையை அப்படியே வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 176 ரூபாய் ஞாபகம் வரும்.

தோழியரே, போகி வந்தாலும் வீடு மாற்றினாலும் நாம் முதலில் கை வைப்பது பரணில்தான். பழசைக் கழிக்க வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேப்பர்காரரை ஒரு பத்து நிமிஷம் வாசலில் நிற்க வைத்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரில் இல்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்குப் பதிமூன்று வருஷம் ஆயிற்று.

உங்கள் தெருவிலும் இந்த அட்டைப்படப் போட்டியை வைத்துப் பாருங்கள். முப்பது ரூபாய் செலவுதான். பாட்டிமார்களை மட்டும் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிடாதீர்கள். அவர்கள் கையில் பென்சிலைக் கொடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்